குமிழியைக் காலியாக விடுங்கள்: கடைசிக் காலத்தைப் பற்றி வீட்டில் பேச ஒரு படக்கதை வழி

“படுக்கையில விழாம, நடமாட்டமா இருக்கும்போதே போய்ச் சேந்திரணும்.” என் அம்மா வாரத்துக்கு ஒருமுறையாவது இதைச் சொல்லிவிடுவார். நானும் தவறாமல், “சும்மா இரும்மா, அச்சானியமாப் பேசாத” என்பேன். அதற்குள் குக்கர் விசில் அடிக்கும், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அந்தச் “சும்மா இரு” எவ்வளவு பெரிய தப்பு என்று அப்பா போன பிறகுதான் உறைத்தது. அவர் ஐ.சி.யு.வில் 11 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். “தொண்டையில துளை போட்டு டியூப் வைக்கணும், என்ன செய்யலாம்?” என்று டாக்டர் கேட்டார். அண்ணன் ஒன்று சொன்னான், நான் ஒன்று சொன்னேன், மஸ்கட்டிலிருந்து தம்பி போனில் வேறொன்று சொன்னான். “அப்பா இதைத்தான் விரும்புவாங்க” என்றுதான் மூன்று பேரும் ஆரம்பித்தோம். அவரிடம் கேட்டிருந்தவர் ஒருவரும் இல்லை.

பெரியவர்கள் சாவைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்பது நாம் கட்டிவிட்ட கதை. துக்க வீட்டுக்குப் போய்வந்து தலை முழுகும்போது பேசுகிறார்கள். கீரை ஆயும்போது பேசுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரென்று தெரியாதவரிடம்கூடப் பேசுகிறார்கள். வெட்டிவிடுவது பிள்ளைகளான நாம். ஆகவே இங்கே நான் சொல்லப்போகிற முறையில் பாதி, பெரியவர்களைப் பேச வைப்பதற்கு. மீதிப் பாதி, நம் வாயை அடைத்துக்கொள்வதற்கு.

நான் ஓவியர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வட்டமும் நேர்கோடும் போட வரும். இந்த வேலைக்கு அது போதும்.

ஏன் படக்கதை?

நேருக்கு நேர் உட்கார்ந்து, “அம்மா, உங்களுக்கு முடியாமப் போனா என்ன செய்யணும்?” என்று கேட்டுப் பாருங்கள். அம்மா உங்கள் முகத்தைப் பார்ப்பார், நீங்கள் தரையைப் பார்ப்பீர்கள். “ஏன், டாக்டர் ஏதும் சொன்னாரா?” என்று திருப்பிக் கேட்பார். முடிந்தது.

நடுவே ஒரு தாள் இருந்தால் இருவர் கண்ணும் தாளுக்குப் போகிறது. சாகக் கிடப்பது உங்கள் அம்மா இல்லை, தாளில் இருக்கிற யாரோ ஒரு பாட்டி. அந்தப் பாட்டியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அச்சானியம் ஒட்டாது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே இருக்கிற வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது என்று படிக்கிறவர்தான் யோசித்துக்கொள்ள வேண்டும். யோசிக்கும்போது தன் வீட்டைத்தான் அங்கே கொண்டுபோய் வைப்பார்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்து நடுகற்களில் சிலவற்றைப் பார்த்தால் அடுக்கடுக்காகச் செதுக்கியிருப்பார்கள்: கீழ் அடுக்கில் சண்டை, நடு அடுக்கில் செத்த வீரனைத் தேவமகளிர் தூக்கிப் போவது, மேல் அடுக்கில் அவன் சிவலிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டிய மூன்று கட்டப் படக்கதை அது. சாவைப் படமாகப் போட்டால் ஆகாது என்று அவர்கள் நினைக்கவில்லை. நம் காலத்துக்கு வந்தால், முத்து காமிக்ஸ் 1972-இலும் லயன் காமிக்ஸ் 1984-இலும் சிவகாசியிலிருந்து வர ஆரம்பித்தன. அவற்றை வாடகைக்கு எடுத்துப் படித்த பையன்களுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். படக்கதை சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். நோயையும் சிகிச்சையையும் படக்கதையாகச் சொல்வதற்கு ‘கிராஃபிக் மெடிசின்’ என்று 2007-இல் பெயர் வைத்தவர் இயன் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். அவரே படக்கதை வரைகிறவர். நாம் செய்யப்போவது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. நாலு கட்டம், வசனம் எழுதும் குமிழி ஒன்று, அதுவும் காலியாக.

முதலில் பேனாவை எடுக்காதீர்கள், காதைத் திறங்கள்

ஒரு மாதம் எதுவும் வரைய வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர் இதைப் பற்றி வாய்விட்டுச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே, அவர் பேச்சிலேயே, தேதி போட்டு எழுதுங்கள். என் நோட்டில் இருந்து நாலு:

“யாருக்கும் பாரமா இருந்திரக் கூடாது.”

“மேலத்தெரு அக்கா மூணு மாசமா மூக்குல டியூபோட கெடக்கா. அவ மகன் நல்லவன், விட மாட்டேங்கான்.”

“உங்க அப்பாவக் கடைசில நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க விடலியே.”

“என்னிய அந்த ஃப்ரீசர் பொட்டியில வச்சிராதீங்கட்டி. எனக்குக் குளிரும்.”

கடைசி வாக்கியத்துக்கு நான் சிரித்துவிட்டேன். பிறகு நோட்டில் எழுதும்போது சிரிப்பு வரவில்லை. வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேரும்வரை உடலை வைத்திருப்பதா, காத்திருக்காமல் எடுத்துவிடுவதா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. தம்பி மஸ்கட்டில் இருக்கிற வீடு எங்கள் வீடு.

இந்த நோட்டுதான் உங்கள் கதைவசனம். நீங்களாக ஒரு வசனமும் கற்பனை செய்ய வேண்டாம்.

ஒரு தாளுக்கு ஒரு கேள்வி

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டு முடித்துவிடும் ஆசை வரும். அடக்குங்கள். தெரிந்துகொள்ள வேண்டியவை என்று நான் வைத்திருக்கிற பட்டியல் இது: நோய் என்னவென்று அவரிடம் சொல்லவேண்டுமா; கடைசி நாட்களில் வீடா, ஆஸ்பத்திரியா; மூச்சுக்கு மெஷின், நின்றுபோன நெஞ்சை அமுக்குவது, மூக்கு வழியாகச் சோறு, இவை எதுவரை; அவரால் பேச முடியாதபோது யார் பேச வேண்டும்; கண், உறுப்பு, உடல் தானம்; அதன் பிறகு எரிப்பதா புதைப்பதா, யார் கொள்ளி வைப்பது, என்ன புடவை. கடைசியில் இருப்பதுதான் சுலபமானது. ஆச்சரியமாக இருக்கும், ஆனால் புடவையில் ஆரம்பித்தால் பல வீடுகளில் மீதி தானாக வரும். மெஷினில் ஆரம்பித்தால் வராது.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

வரையப்போகிற ஆள் உங்கள் அம்மாவாக இருக்கக்கூடாது. அவர் சாயலும் வேண்டாம். பெயர் வைக்க வேண்டாம். “ஒரு ஊர்ல ஒரு பாட்டி” போதும். ஆனால் வயதும் வசதியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். மாடி வீட்டுப் பாட்டியை வரைந்தால் ஓட்டு வீட்டுப் பாட்டிக்கு அது வேறு ஊர்க் கதை.

எமனையும் எருமையையும் வரையலாமென்று தோன்றும். நானும் வரைந்தேன். அம்மா நன்றாகச் சிரித்தார், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார், காபி போட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை நகரவில்லை. எமன் வந்தால் கதை நகைச்சுவைத் துணுக்காகிவிடுகிறது. வார இதழ்களில் அவரை அப்படியே பார்த்துப் பழகிவிட்டோம். டீக்கடையில் நாலு ஆண்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் வேண்டுமானால் எமன் உதவலாம். வீட்டுக்கு ஆக மாட்டார்.

வரையும் முறை

ஏ4 தாளை இரண்டு முறை மடித்துப் பிரித்தால் நாலு கட்டம் கிடைத்துவிடும். மடிப்பின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடுங்கள். ஆளுக்கு ஒரு வட்டம், கீழே ஒரு கோடு. பாட்டி என்றால் பின்னால் ஒரு சின்ன வட்டம், கொண்டை. தாத்தா என்றால் தோளில் ஒரு செவ்வகம், துண்டு. கண்ணுக்குப் புள்ளி போதும். முகபாவம் முழுக்கப் புருவத்தில் இருக்கிறது: உள்முனை உயர்ந்தால் கவலை, உள்முனை தாழ்ந்தால் கோபம், புருவமே இல்லாவிட்டால் யோசனை. பத்து முறை போட்டுப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

எழுத்துதான் முக்கியம். புரை விழுந்த கண்ணுக்குப் பால்பாயிண்ட் பேனா எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். தடித்த கறுப்புப் பேனா, ஒரு சென்டிமீட்டர் உயர எழுத்து, குமிழிக்கு எட்டு வார்த்தைக்கு மேல் போகாமல். படிக்கத் தெரியாதவர் என்றால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், விரலைக் கட்டத்தில் வைத்து. வசனம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கட்டும். “தங்களது இறுதி விருப்பம் யாது” என்று எழுதினால் அது தாசில்தார் ஆபீஸ் படிவம்.

குமிழியில் இரண்டு வகை உண்டு. வால் வைத்த குமிழி, வாய்விட்டுச் சொல்வது. மேகம் மாதிரி வளைந்து வளைந்து, கீழே சின்ன வட்டங்களோடு வருவது, மனசுக்குள் நினைப்பது. இந்த இரண்டாவதுதான் நம் வீடுகளுக்கு அதிகம் வேலை செய்கிறது. சொல்வதும் நினைப்பதும் வேறு வேறாக இருப்பதுதானே நம் பிரச்சினையே.

நான் முதலில் வரைந்த தாள்:

முதல் கட்டம். திண்ணையில் இரண்டு பாட்டிகள். ஒருத்தி: “அவளப் பாத்துட்டு வாரேன். மூணு மாசமா மூக்குல டியூப்.”

இரண்டாம் கட்டம். மற்றவள்: “அவ மகன் நல்லவன். விட மாட்டான்.”

மூன்றாம் கட்டம். இருவரும் காபி குடிக்கிறார்கள். வசனம் இல்லை. இந்த மௌனக் கட்டத்தை எந்தத் தாளிலும் விட்டுவிடாதீர்கள்.

நாலாம் கட்டம். வாசலில் இருந்து பேத்தி கேட்கிறாள்: “ஆச்சி, உனக்கா இருந்தா?” பாட்டியின் வாயிலிருந்து பெரிய குமிழி, உள்ளே ஒன்றும் இல்லை.

புதிதாக வரைகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு: அந்தக் குமிழியை நிரப்பிவிடுவது. “டியூப் வேண்டாம், நிம்மதியாப் போகணும்” என்று நாமே எழுதிவிட்டால் அது சுகாதாரத் துறைச் சுவரொட்டி. அவர் தலையாட்டுவார், நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வீர்கள். உண்மையில் உங்கள் மாமனார் எல்லா சிகிச்சையும் கடைசிவரை வேண்டும் என்று நினைக்கிறவராக இருக்கலாம். அதுவும் ஒரு விருப்பம்தான். அதை எழுதவும் இடம் விடத்தான் காலிக் குமிழி.

எப்போது, எங்கே, யார் முன்னால்

நல்ல நாளில் வேண்டாம். வெள்ளி, செவ்வாய், அமாவாசை பார்க்கிற வீடென்றால் அவற்றையும் விட்டுவிடுங்கள். அதில் வாதம் செய்து ஜெயித்து என்ன ஆகப்போகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வேண்டவே வேண்டாம், அங்கே எந்தக் கேள்வியும் கெட்ட செய்தியாகத்தான் கேட்கும். துக்க வீட்டுக்குப் போய்வந்த ரெண்டு மூணு நாளுக்குள் என்பது என் அனுபவத்தில் நல்ல நேரம். கை ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கட்டும். எங்கள் வீட்டில் மொச்சை உரிக்கும் பொழுது.

முதல் முறை நீங்களும் அவரும் மட்டும். மருமகன், மருமகள், சம்பந்தி யாரும் வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: “எழுதி வைக்கணும்”, “உயில்” என்ற சொற்களை அன்றைக்கு வாயில் கொண்டு வராதீர்கள். எந்த வீட்டிலும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் நிலம், நகை, பட்டா ஞாபகம்தான் வரும். எனக்குத் தெரிந்த வீட்டில் ஒரு மகன் நல்ல மனசோடு இதே பேச்சை எடுத்து, தங்கை ஆறு மாதம் பேசாமல் இருந்தாள். நான் தாளின் மேல் மூலையில் “இதுல சொத்துப் பேச்சு கிடையாது” என்றே எழுதிவிடுகிறேன். அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

கேட்பது

தாளைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: “இந்தப் பாட்டி என்ன சொல்லும்?”

பிறகு பேசாதீர்கள். மனசுக்குள் முப்பது எண்ணுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு மூன்று எண்ணுவதற்குள் நானே பதில் சொல்லிவிடுகிற ஆசிரியை நான். எனக்கு இதைவிடக் கஷ்டமான பாடம் இருந்ததில்லை.

அம்மா அன்றைக்கு வெகுநேரம் தாளைப் பார்த்தார். “ஏட்டி, இவளுக்கு மூக்குத்தி போடலியே” என்றார். பேனாவை வாங்கி ஒரு புள்ளி வைத்தார். என் அம்மா ஏழு கல் மூக்குத்தி போட்டவர். அதன் பிறகு சொன்னார்: “இவ என்ன சொல்லுவா... பசிச்சா நானே கேப்பேன், கேக்கலன்னா விட்ருங்கன்னு சொல்லுவா.” கொஞ்ச நேரம் மொச்சை உரித்தார். “அப்படித்தான் சொல்லுவேன்.”

தமிழ் இந்த இடத்தில் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. வினையின் வாலைக் கவனியுங்கள். “சொல்லுவா” என்பது “சொல்லுவேன்” ஆகும் நொடிதான் நீங்கள் காத்திருந்தது. அதற்கு முன் சொன்னதெல்லாம் அந்தப் பாட்டியின் கருத்து. அதற்குப் பிறகு வருவது அம்மாவின் விருப்பம். அந்த வாக்கியத்தை அவர் சொன்னபடியே குமிழிக்குள் எழுதி, தேதி போடுங்கள். முடிந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள். “அப்படியெல்லாம் சொல்லாதம்மா” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உதட்டைக் கடித்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், பேச்சை மாற்றாதீர்கள்.

“எனக்குப் பிடிக்கல, எடுத்து வை” என்றால் மடித்து எடுத்து வையுங்கள். கெஞ்ச வேண்டாம். தாளைச் செய்தித்தாளோடு சேர்த்து அவர் நாற்காலிப் பக்கம் விட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். என் மாமா அப்படித்தான் யாரும் இல்லாதபோது பென்சிலால் நிரப்பி வைத்திருந்தார்.

“எல்லாம் நீங்களே பாத்துக்கோங்க” என்பது பலர் சொல்லும் பதில். தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம், அது முழுமையான பதில். ஆனால் “நீங்க” என்பது யார் என்று தெரியவில்லை. அடுத்த தாள் அதற்கு: கட்டிலைச் சுற்றி மூன்று பிள்ளைகள், டாக்டர் கேட்கிறார், “யார் கையெழுத்துப் போடுறீங்க?” பாட்டியின் கை ஓர் ஆளைக் காட்டவேண்டும். அந்தக் கையை மட்டும் வரையாமல் விடுங்கள்.

மூக்குக் குழாய்த் தாளுக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள்

வென்டிலேட்டரைப் பற்றிச் சுலபமாக முடிவு சொல்கிறவர்கள் சோற்றில் வந்து தடுமாறுவார்கள். நமக்குச் சோறுதான் பாசம். “பட்டினி போட்டுக் கொன்னுட்டான்” என்று ஊர் பேசுமோ என்ற பயம் மகனுக்கு. ஆனால் உயிர் அடங்கும் காலத்தில் உடம்பே பசியைக் குறைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் வற்புறுத்திக் கொடுக்கும் ஆகாரம் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக மாறலாம். உதட்டை ஈரத் துணியால் நனைப்பது, ஒரு ஸ்பூன் தண்ணீர், பிடித்த பதநீரில் ஒரு சொட்டு நாக்கில் வைப்பது, இவையும் கவனிப்புதான். இதைச் சொல்லும் கட்டம் ஒன்றை நடுவில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் உங்கள் டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகு. நெஞ்சை அமுக்கும் தாளுக்கும் அப்படியே. சினிமாவில் நாலு அமுக்கு அமுக்கினால் கதாநாயகன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். முற்றிய நோயில் இருக்கிற எண்பது வயது உடம்பில் விலா எலும்பு உடையலாம், இதயம் திரும்பத் துடித்தாலும் அவர் பழையபடி எழுந்து நடப்பது அரிது. இப்படியான தகவல் பிழையாகப் போகக்கூடாது. பழகிய டாக்டரிடமோ நர்ஸிடமோ தாளைக் காட்டுங்கள். அவர்களுக்கே அது பிடித்துப்போகும்.

“அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்”

இந்தத் தாளை நான் இரண்டு பகுதியாக வரைந்தேன். கதவுக்கு வெளியே மகன், டாக்டரிடம் அந்த வசனத்தைச் சொல்கிறான். கதவுக்கு உள்ளே அம்மா பெஞ்சில். அவள் தலைக்கு மேல் மேகக் குமிழி, காலி.

எங்கள் பெரியம்மா அதைப் பார்த்துச் சொன்னது: “அவளுக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போறப்பவே தெரிஞ்சிருக்கும். மகன் அழுவானேன்னு தெரியாத மாதிரி இருக்கா.” பெரியம்மாவுக்கு அப்போது ஒரு வியாதியும் கிடையாது. ஆனால் அவர் மகன் அந்தக் குமிழியைப் படித்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். அவனுக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது.

வெளியூர்ப் பிள்ளைகள்

வருடக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்க்கிற மகள் ஒரு முடிவோடு சமாதானமாகி இருப்பாள். விமானத்தில் வந்து இறங்குகிற பிள்ளை, குற்ற உணர்ச்சியில், “எல்லாத்தையும் செய்யுங்க, பணம் நான் தாரேன்” என்பார். இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் இதற்குக் ‘கலிஃபோர்னியா மகள்’ என்று பெயரே இருக்கிறது, 1991-இல் மருத்துவ இதழில் கட்டுரையாகவும் வந்தது.

ஆகவே நிரம்பிய தாளைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முதலில் காலிக் குமிழியோடு தனித்தனியாக அனுப்புங்கள்: “அம்மா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நெனைக்கே?” அவரவர் எழுதி அனுப்பட்டும். பிறகு வீடியோ காலில் அம்மாவே தன் குமிழியை வாசிக்கட்டும். எங்கள் வீட்டில் தம்பி எழுதி அனுப்பியது, “என் பிள்ள வர்ற வரைக்கும் என்னிய வச்சிருங்க.” அம்மா வாசித்தது வேறு. அவன் ரொம்ப நேரம் கேமராவை மேலே திருப்பி ஃபேனைக் காட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் அவனே கூப்பிட்டு, ஃப்ரீசர் பெட்டி வேண்டாம் என்று ஒத்துக்கொண்டான்.

தாளிலிருந்து பத்திரத்துக்கு

படக்கதைக்குச் சட்ட மதிப்பு கிடையாது. பேச்சு கனிந்த பிறகு அதைச் சட்டப்படி எழுதிவைக்க முடியும். கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி, முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9-இல் அங்கீகரித்தது. ‘லிவிங் வில்’ என்று பத்திரிகைகளில் வருவது இதுதான். அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்ததால் நடைமுறையில் மிகச் சிரமம். 2023 ஜனவரி 24-இல் அதை எளிமையாக்கினார்கள்.

இப்போது தேவை இவ்வளவு: 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில், யாருடைய கட்டாயமும் இல்லாமல் எழுதவேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து. சாட்சிகள் வெளியாட்களாக இருந்தால் நல்லது. நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரின் சான்று. பேச முடியாத நிலை வந்தால் யார் முடிவு சொல்லவேண்டும் என்று ஒருவரையோ சிலரையோ பெயர் சொல்லிக் குறிப்பிடவேண்டும். கை நீட்டும் தாள் இங்கேதான் உதவும். பிரதி ஒன்று அந்த ஆளுக்கு, ஒன்று குடும்ப டாக்டருக்கு, ஒன்று பஞ்சாயத்து, நகராட்சி அல்லது மாநகராட்சியில் அதற்கான அதிகாரிக்கு. எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

எழுதிவிட்டால் மறுநாளே மெஷினை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு: குணமாகும் வாய்ப்பு இல்லாத நோய், அவரால் முடிவு சொல்ல முடியாத நிலை, இரண்டும் சேர்ந்தால்தான் அந்தத் தாள் வெளியே வரும். ஆஸ்பத்திரியில் சிகிச்சை தரும் டாக்டரும் குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு பார்க்கும். அதன் முடிவை இன்னொரு குழு பார்க்கும், அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் இருப்பார். குழு ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் சொல்லவேண்டும். ஊசி போட்டு உயிரை எடுப்பது இதில் சேராது, அது இன்றும் குற்றம்தான். இது இந்தியாவுக்கு மட்டும். சிங்கப்பூரில் இதற்கு 1996-லேயே தனிச் சட்டமும் தனிப் படிவமும் உண்டு, அங்கே இருக்கும் உறவினர்கள் அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

குமிழியில் “வீட்டுலயே” என்று வந்திருந்தால் அந்த விருப்பத்துக்கு ஆள் பலம் தேடுவது நம் வேலை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வரும் வலித் தணிப்புக் கவனிப்பும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே விசாரித்து, நர்ஸின் எண்ணை வாங்கி வையுங்கள். வலிக்கு மருந்து இல்லாத வீட்டில், வீட்டிலேயே இருக்கவேண்டும் என்ற ஆசை இரண்டாம் நாளே ஆம்புலன்ஸில் ஏறிவிடும்.

கண் தானத்தை இழுக்க வேண்டாம், ஒரே ஒரு தாள் போதும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும், வயதும் கண்ணாடியும் புரை ஆபரேஷனும் தடையில்லை, மின்விசிறியை நிறுத்தி இமையை மூடி ஈரப் பஞ்சு வைக்கவேண்டும். கார்டு எழுதி வைத்திருந்தாலும் அந்த நேரத்தில் குடும்பத்தாரிடம்தான் சம்மதம் கேட்பார்கள். அதனால் கார்டைவிட, நாலு பேர் பார்த்த குமிழி பெரிது.

எங்கே வைப்பது

நிரம்பிய தாள்களை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை இருக்கும் இடத்திலேயே வையுங்கள். அவசரத்தில் எல்லோரும் தேடுவது அந்த இடத்தைத்தான். பூஜை அறையும் வேண்டாம், பீரோவின் உள் லாக்கரும் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், மனசு மாறும். அம்மா போன தையில் ஒரு குமிழியை அடித்துவிட்டு வேறு எழுதினார். ஆறு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியே வேண்டாம் என்றவர், “நெஞ்சு வலின்னா மட்டும் கூட்டிட்டுப் போங்க, பாத்துட்டு வந்திரலாம்” என்று திருத்தியிருக்கிறார். பழைய தாளைக் கிழிக்கவில்லை, பின்னாலேயே வைத்திருக்கிறேன்.

சித்தப்பாவுக்கு இன்னும் ஒரு கட்டம்கூடப் போடவில்லை. எழுபத்து நாலு வயது, சர்க்கரை, இரண்டு பைபாஸ். எந்தப் பேச்சை எடுத்தாலும் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார். அதனால் தேர்ட் அம்பயரிலிருந்து ஆரம்பிக்கலாமென்று இருக்கிறேன்: களத்து அம்பயர் கையால் காற்றில் சதுரம் போடுகிறார், பெரிய திரை, அதற்குக் கீழே காலியாக ஒரு குமிழி.